கோட்டை மிதித்தால் தப்பா? கூடைப்பந்து நடுவரின் அந்த 5 விநாடிகள்

“சார், லைனை மிதிச்சிட்டான்... விசில் அடிங்க!”

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி பார்க்கப் போனால், இந்தக் குரல் எங்கிருந்தாவது வரும். ஒரு பாயின்ட் வித்தியாசம். இன்னும் சில விநாடிகள்தான். பந்து வெளியே போய்விட்டது. அதை உள்ளே எறிய வேண்டிய மாணவனின் கால் கோட்டின் மேல் இருக்கிறது. மாவட்டத்தில் ஜெயித்தால்தான் மாநிலப் போட்டி. ஸ்போர்ட்ஸ் கோட்டா கனவோடு பெற்றோர் காத்திருக்கிறார்கள். நடுவரோ விசில் ஊதவில்லை.

அவர் செய்தது சரிதான். வாலிபாலில் கோட்டில் பந்து விழுந்தால் ‘உள்ளே’. கூடைப்பந்தில் கோடு ‘வெளியே’. அதனால் ‘த்ரோ-இன்’ எறிபவர் கோட்டை மிதிக்கலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள் கால் வைத்தால்தான் தப்பு.

நடுவர் வேறு என்னவெல்லாம் கவனிக்கிறார்?

பந்து கைக்கு வந்த 5 விநாடிக்குள் எறிய வேண்டும். நடுவர் காட்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக்கூடாது. நேராகப் பின்னால் போகலாம். எதிரணி கூடை போட்ட பிறகு எறியும்போது மட்டும் பின்கோடு நெடுகிலும் ஓடலாம். மீறினால், அதே இடத்தில் பந்து எதிரணிக்கு.

தடுப்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. பந்து கோட்டைத் தாண்டும் முன் அவருடைய கையோ காலோ கோட்டைத் தாண்டக்கூடாது. நம் பள்ளி மைதானங்களில் கோட்டை ஒட்டியே சுவரோ கூட்டமோ இருக்கும். வெளியே 2 மீட்டர் இடம்கூட இல்லையென்றால், எறிபவரிடமிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆட்டத்தின் கடைசி 2 நிமிடங்களில் நடுவர் பந்தைக் கொடுக்கும் முன்பே சைகையால் எச்சரிப்பார். அதையும் மீறினால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ.

இந்த 5 விநாடிக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே இருக்கிறது. அப்போது வெளியே போன பந்தை யார் முதலில் தொடுகிறாரோ அவருக்கே எறியும் உரிமை. அதனால் தள்ளுமுள்ளு. பிறகுதான், கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்குப் பந்து என்று மாற்றினார்கள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற பி.டி. வாத்தியார்கள் இந்த ஆட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

திரியைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருந்தால் 5 விநாடி எவ்வளவு நீளம் என்று சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும். எறியும் மாணவனுக்கோ அது கண் மூடித் திறக்கும் நேரம். நடுவருக்கு மட்டும் அது 5 விநாடியாகவே இருக்க வேண்டும். கூட்டம் கத்தினாலும் எண்ணிக்கை வேகமாகக் கூடாது. உள்ளூர் அணி என்றாலும் மெதுவாகக் கூடாது. அதனால்தான் எல்லோருக்கும் தெரியும்படி கையை அசைத்து எண்ணுகிறார்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் ஆட்டத்துக்குப் போனால், கோட்டைப் பார்த்துக் கத்தும் முன் நடுவரின் கையைப் பாருங்கள்.