24 மீட்டர் நடுகல் பறந்து வந்த கதை

1960 செப்டம்பர் 10. ரோமில் ஒலிம்பிக் மராத்தான். இருட்டிவிட்டது. பழைய ஆப்பியன் சாலையின் இருமருங்கிலும் இத்தாலியப் படைவீரர்கள் தீப்பந்தம் பிடித்து நிற்கிறார்கள். எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டே பேர் முன்னால் வருகிறார்கள். ஒருவர் மொராக்கோவின் ராதி பென் அப்தெசலாம். மற்றவர் எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த அபேபே பிக்கிலா. வெறுங்காலோடு ஓடுகிறார். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் வழியில் ஓர் உயரமான கல்தூண் வரும். அங்கே வேகமெடுக்க வேண்டும் என்று பிக்கிலாவும் அவருடைய பயிற்சியாளரும் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். தூண் கண்ணில் பட்டதும் பிக்கிலா பாய்ந்தார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலக சாதனை படைத்தார். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்.

அந்தத் தூண் ரோமுக்குச் சொந்தமானது அன்று. பிக்கிலாவின் நாட்டுக் கல் அது. வடக்கு எத்தியோப்பியாவின் திக்ரே மாநிலத்தில் உள்ள அக்சும் நகரிலிருந்து 1937இல் முசோலினியின் ஆட்சி அதை எடுத்துவந்திருந்தது. திருப்பித் தருவதாக இத்தாலி கையெழுத்திட்டு, மராத்தான் நடந்த ஆண்டோடு 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. கல் ஊர் போய்ச் சேர அதற்குப் பிறகு இன்னும் 45 ஆண்டுகள் பிடித்தன. செலவு, வழி, கனம் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு தடை முன்னால் வந்து நின்றது.

கனத்தையே முதலில் பார்ப்போம். தூணின் உயரம் ஏறத்தாழ 24 மீட்டர், எடை 150 டன்னுக்கு மேல். அதுவும் ஒற்றைக்கல். கல்லின் பெயர் நெஃபலின் சயெனைட். பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெதுவாக ஆறி இறுகிப் பிறக்கும் கல். பார்வைக்குக் கருங்கல்லைப் போலிருக்கும், அதைப் போலவே கெட்டியானது. அக்சுமுக்கு மேற்கே சுமார் 4 கிலோமீட்டரில் உள்ள குன்றில் அதை வெட்டி எடுத்தார்கள். பாறையில் வரிசையாகக் குழி தோண்டி, ஆப்பு இறக்கி, நேர்கோட்டில் பிளக்கும் முறை. பாதியில் கைவிட்ட பாறைகளில் அந்த ஆப்புக் குழிகளை இன்றும் வரிசை மாறாமல் பார்க்கலாம்.

அதைச் செதுக்கியவர்கள் வெறும் தூணாக நினைக்கவில்லை, ஒரு மாளிகையாகவே நினைத்தார்கள். அடியில் கதவு செதுக்கியிருக்கிறது, அதில் பூட்டு கூட உண்டு. மேலே மாடிக்கு மாடி சன்னல்கள். அக்சும் வீடுகளின் சுவர்களில் மரச்சட்டங்களைக் குறுக்கே கொடுத்துக் கட்டுவார்கள். அவற்றின் உருண்டை முனைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கட்டடக்கலை அறிஞர்கள் அவற்றைக் 'குரங்குத் தலைகள்' என்பார்கள். தூணில் அந்த முனைகளையும் விடாமல் கல்லிலேயே செதுக்கிக் காட்டியிருக்கிறார்கள். உச்சி அரைவட்டமாக வளைந்திருக்கிறது, ஒரு காலத்தில் அதில் உலோகத் தகடு பதித்திருந்தது. அக்சுமில் உள்ள இத்தகைய தூண்களுக்குக் கீழே கல்லறைகள். இறந்தவருக்காக நட்ட கல் என்பதால், தமிழில் இதற்கு 'நடுகல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

நட்டவர்கள் சாதாரண ஆட்களும் அல்லர். முசிறித் துறையின் மிளகு வாணிகத்தைச் சொல்லும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கப் பயணநூலை நம் வரலாற்று வாசகர்கள் அறிவார்கள். அதே நூல், செங்கடலோரத்து அதூலிஸ் துறைமுகத்தையும், அங்கிருந்து உள்நாட்டில் அமைந்த அக்சும் நகருக்கு யானைத் தந்தம் வந்து குவிவதையும் சொல்கிறது. அக்சும் அரசர்கள் தங்கத்தில் நாணயம் அடித்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் எசானா என்ற அரசர் கிறித்தவத்தைத் தழுவினார். இந்த மாபெரும் தூண்களும் அந்தக் காலத்தை ஒட்டியவைதான். அவற்றில் மிகப் பெரியது 33 மீட்டர் உயரம், 500 டன்னுக்கு மேல் எடை. நிறுத்தும்போதே அது சரிந்து உடைந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. விழுந்த இடத்தில் இன்றும் துண்டுகளாகக் கிடக்கிறது. நம் கதையின் தூண் நெடுங்காலம் நின்று, பல நூற்றாண்டுகளுக்கு முன் விழுந்து உடைந்தது.

1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்தது. விமானங்களிலிருந்து நச்சுவாயுக் குண்டு வீசியது. 1936 மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. மறு ஆண்டு, உடைந்து கிடந்த தூணின் துண்டுகளை மலைச்சாலை வழியே மசாவா துறைமுகத்துக்கு இறக்கி, நேபிள்ஸுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பலின் பெயர் அத்வா. 1896இல் எத்தியோப்பியா இத்தாலியைத் தோற்கடித்த போர்க்களத்தின் பெயர் அது. ரோமில் துண்டுகளை உலோகத்தாலும் கான்கிரீட்டாலும் ஒட்டி, முசோலினி அதிகாரத்தைப் பிடித்ததன் 15ஆம் ஆண்டு விழாவில், 1937 அக்டோபர் 28 அன்று, காலனி நாடுகளுக்கான அமைச்சகத்தின் முன் நிறுத்தினார்கள். போருக்குப் பின் அந்தக் கட்டடம் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் தலைமையகமாயிற்று. உலகின் பசியைப் போக்கக் கூடிய பேராளர்கள் பல பத்தாண்டுகள் திருட்டுப்பொருளைக் கடந்துதான் உள்ளே போனார்கள்.

1947ஆம் ஆண்டு பாரிஸ் அமைதி உடன்படிக்கையின் 37ஆவது பிரிவு தெளிவானது. 1935 அக்டோபர் 3க்குப் பின் எத்தியோப்பியாவிலிருந்து எடுத்த கலைப்பொருள், சமயப்பொருள், ஆவணம் அனைத்தையும் 18 மாதங்களுக்குள் இத்தாலி திருப்பித் தர வேண்டும். சில வந்தன. தூண் வரவில்லை. 1956இல் இன்னோர் ஒப்பந்தம் எழுதினார்கள், தூண் அசையவில்லை. 1974இல் பேரரசர் ஹைலே செலாசி பதவியிழந்தார். புரட்சி, பஞ்சம், உள்நாட்டுப் போர் என்று நாடு அல்லாடியது. 1990களில்தான் கோரிக்கை மறுபடி சூடுபிடித்தது. எத்தியோப்பிய வரலாற்றுக்கே வாழ்நாளைக் கொடுத்த ரிச்சர்ட் பாங்கர்ஸ்ட் போன்ற அறிஞர்களும் அக்சும் மக்களும் மனுவுக்கு மேல் மனு போட்டார்கள். 1997இல் இத்தாலி மீண்டும் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே எரித்திரியாவோடு போர் மூண்டது. கல் போன வழியான மசாவா அப்போது எதிரி நாட்டுத் துறைமுகமாகியிருந்தது.

இதற்கிடையில் வானமும் ஒரு வார்த்தை சொல்லியது. 2002 மே மாதம் ரோமில் இடியோடு மழை பெய்தபோது தூணின் உச்சியில் மின்னல் இறங்கியது. உயர்ந்து தனித்து நிற்கும் எதன் முனையிலும் மின்புலம் குவியும். கல்லுக்குள் மின்னோட்டம் பாயும்போது அங்கிருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகிக் கல்லையே வெடிக்க வைக்கும். உச்சியிலிருந்து சில்லுகள் தெறித்து விழுந்தன. இத்தாலியில் இருந்தால்தான் பத்திரம் என்ற வாதத்தை அன்று எந்தத் தூதரும் மறுக்க வேண்டியிருக்கவில்லை.

2003 நவம்பரில் ஜார்ஜோ க்ரோச்சி என்ற கட்டமைப்புப் பொறியாளரின் மேற்பார்வையில் தூணைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பழைய உடைவுகளின் வழியாகவே மூன்று பெரும் துண்டுகளாக்கினார்கள். எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பெரிய கேள்வி. மசாவா மூடியிருந்தது. அடிஸ் அபாபாவிலிருந்து அக்சும் போகும் மலைச்சாலையும் பாலங்களும் இந்தச் சுமையைத் தாங்காது. மீதியிருந்தது வானம் மட்டுமே. உலகின் மிகப் பெரிய சரக்கு விமானங்களில் ஒன்றான ஆன்டனோவ் 124ஐ அமர்த்தினார்கள். அதுவே ஏறத்தாழ 120 டன்தான் சுமக்கும். ஆகவே முழுத் தூணும் ஒரே பயணத்தில் போக வழியில்லை, துண்டுக்கு ஒரு பயணம் என்று முடிவாயிற்று.

அக்சும் கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை விமானத்தைத் தாங்குவது காற்றின் மேல்தான். காற்று மெலிந்தால் தாங்கும் சக்தியும் குறையும். அதே சுமையைத் தாங்க விமானம் இன்னும் வேகமாக வர வேண்டும். வேகம் கூடினால் நிற்க இன்னும் நீளமான ஓடுதளம் வேண்டும். வெயில் ஏறினால் காற்று மேலும் மெலியும். அக்சுமின் சிறிய விமானத்தளத்தை இந்த ஒரு கல்லுக்காகவே மேம்படுத்தினார்கள். 2005 ஏப்ரல் 19 அன்று நடுத்துண்டு வந்தது. 22 அன்று இரண்டாவது, 25 அன்று கடைசி. உடன்படிக்கையில் எழுதிய 18 மாதம் 58 ஆண்டுகளாகி, ஒருவழியாக ஒரே வாரத்தில் முடிந்தது.

ஆனால் தூணை உடனே நிறுத்தவில்லை. நிறுத்துமுன் நிலத்தைச் சோதித்தார்கள். தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்க வழிகள் உண்டு. ரேடார் அலையை உள்ளே செலுத்தி அது எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கேட்கலாம். மின்னோட்டம் செலுத்தி மண் அதை எங்கே எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கலாம். வெற்றிடம் ஒருவிதமாகவும் ஈரமண் வேறுவிதமாகவும் பதில் சொல்லும். யுனெஸ்கோ குழு அப்படிச் சோதித்தபோது, வண்டிகள் நிறுத்தி வந்த திடலுக்கு அடியில் பெரிய கல்லறை அறைகள் இருப்பது தெரியவந்தது. அரச இடுகாடு நினைத்ததைவிட அகலமாகப் பரந்திருந்தது. கல் திரும்பி வந்திருக்காவிட்டால் இந்தச் சோதனைக்கு அன்று காரணம் இருந்திருக்காது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

2008 ஜூனில் இரும்புக் கோபுரம் எழுப்பி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி வைத்தார்கள். இணைக்க இரும்பைப் பயன்படுத்தவில்லை. இரும்பு மின்னலுக்கு வழிகொடுக்கும். துருப்பிடித்தால் பருத்துக் கல்லைப் பிளக்கும். அதற்குப் பதிலாகக் குண்டு துளைக்காத சட்டைகளில் சேர்க்கும் கெவ்லார் இழையால் ஆன கம்பிகளைக் கல்லுக்குள் செலுத்தினார்கள். நிலநடுக்கம் வந்தாலும் அவை தாங்கும். 2008 செப்டம்பர் 4 அன்று திறப்பு விழா. எத்தியோப்பிய நாட்காட்டியில் அது 2000ஆம் ஆண்டின் கடைசி வாரம்.

அக்சும் தூண் தனித்து வந்த வெற்றி அன்று. சயீர் அதிபர் மொபுட்டு 1973இல் ஐ.நா. பொதுச்சபையில் பறிபோன கலைப்பொருள்களைக் கேட்டார். அதே ஆண்டு அவற்றைத் திருப்பித் தரச் சொல்லும் தீர்மானம் நிறைவேறியது. 1978இல் யுனெஸ்கோவின் தலைவராக இருந்த செனகல் நாட்டவர் அமாது மக்தார் ம்போ, படைத்தவர்களிடமே படைப்புகள் திரும்ப வேண்டும் என்று உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். பிரான்ஸ் 2021இல் அபோமே அரண்மனையின் 26 பொருள்களைப் பெனின் நாட்டுக்குக் கொடுத்தது. ஜெர்மனி 2022இல் நைஜீரியாவின் பெனின் வெண்கலச் சிற்பங்களில் ஒரு பகுதியை அனுப்பத் தொடங்கியது. அடிஸ் அபாபாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியம், 2025ஆம் ஆண்டின் கருப்பொருளாக இழப்பீட்டின் மூலம் நீதி என்பதையே அறிவித்தது.

எத்தியோப்பியாவுக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. பம்பாயிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் படை 1868 ஏப்ரலில் மக்தலா கோட்டையைப் பிடித்தது. பேரரசர் தெவோத்ரோஸ் சரணடையாமல் தற்கொலை செய்துகொண்டார். கொள்ளையை 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் சுமந்தன. பிறகு நடந்த ஏலத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆள் ஒருவரே நின்று பொருள்களை வாங்கினார். அவ்வாறு போனவற்றில் தபோத் எனப்படும் புனிதப் பலகைகளும் உண்டு. எத்தியோப்பியத் திருச்சபையின் ஒவ்வோர் ஆலயத்துக்கும் உயிரானது அதன் தபோத். குருமார் தவிர வேறு எவரும் அதைப் பார்க்கக் கூடாது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 11 தபோத்துகள் இருக்கின்றன. அவற்றைக் காட்சிக்கு வைப்பதில்லை. ஆய்வுக்கும் கொடுப்பதில்லை. அங்கே பணிபுரிவோர்கூடப் பார்ப்பதில்லை. 1963ஆம் ஆண்டின் அருங்காட்சியகச் சட்டம் பொருளைக் கொடுக்கக் குறுக்கே நிற்கிறது என்பதே வழக்கமான பதில். யாரும் பார்க்கவே முடியாத பொருளைக் கொடுக்க அதே சட்டத்தில் இடமுண்டு என்று சட்ட வல்லுநர்கள் வாதிட்டுவருகிறார்கள். 2002இல் எடின்பரோவின் ஒரு தேவாலயம் தன் அலமாரியில் கிடைத்த தபோத்தைத் தானாகவே திருப்பி அனுப்பியது. 2019இல் எத்தியோப்பியப் பண்பாட்டு அமைச்சர் நேரில் லண்டன் போய்க் கேட்டார்.

அந்தப் பதினொன்றும் இன்றும் லண்டனில் பூட்டிய அறையில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவர ஆன்டனோவ் விமானம் வேண்டாம், ஓடுதளத்தை நீட்ட வேண்டாம். ஒருவர் கையில் ஏந்திக்கொண்டு விமானம் ஏறினால் போதும்.