ஹாஜிமார்களின் இல்லத்தரசிகளும் ஒரு சிறு மாத்திரையும்

ஹஜ் காலம் நெருங்கிவிட்டால், மதரஸாவுக்குப் பாடம் கேட்க வரும் தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஹைளு வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா, ஹஜ்ரத்?" உடலுக்குத் தீங்கில்லையெனில் ஆகும் என்று உலமாக்கள் பலர் கூறியுள்ளனர். 'ஆகும்' என்பதைக் கேட்டுக்கொண்டு, 'தீங்கில்லையெனில்' என்பதை வாசலிலேயே விட்டுச் செல்வோர்தாம் மிகுதி!

பெரும்பாலும் வாங்கப்படுவது நார்எத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரை, நாளொன்றுக்கு மூன்று. இந்த அளவில் அதன் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினில் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. கூட்டுக் கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன் அதுவே. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களைக் கல்லீரலில் பெருகச் செய்வது அதன் இயல்பு. 1960-இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்த செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. பின்னர் ஈஸ்ட்ரோஜன் அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆயினும், மாத்திரை உண்ணாத பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ஏற்படும் இரத்தக்கட்டி, கூட்டு மாத்திரை உண்போரில் 5 முதல் 12 பேருக்கு ஏற்படுகிறது.

எண்ணிக்கை சிறிதுதான், பீதி வேண்டியதில்லை. ஆனால் ஹஜ் பயணியின் நிலை வேறு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தாலே இவ்வாபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதனுடன் மாத்திரையும், நீரருந்தாமையும், கூடிய வயதும், பருத்த உடலும் சேர்ந்தால்?

எமக்குத் தெரிந்த ஓர் அம்மையார் ஒரு காலின் கெண்டைச்சதை வீங்கிய நிலையில் திரும்பி வந்தார். 'ஸயீயில் நடந்த நடை' என்று வீட்டார் தைலம் தடவினர். மூச்சு முட்டிய பின்னரே மருத்துவமனை. அல்லாஹ் காப்பாற்றினான். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் இவற்றில் எது கண்டாலும் தைலம் தேட வேண்டாம், மருத்துவரை நாடுக.

முன்பு இரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் கண்டவர்கள் இம்மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணவே கூடாது. இரத்த அழுத்தமோ, கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலியோ உடையவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. 'அண்டை வீட்டாருக்கு ஒத்துக்கொண்டது' என்பது மருத்துவச் சான்றாகாது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே ஹஜ் பயணத்தில், ஸரிஃப் என்னுமிடத்தில், மாதவிடாய் வந்தது. தவாஃப் நீங்கலாக ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். விடைபெறும் தவாஃபோ அந்நிலையிலுள்ள பெண்களுக்கு மன்னிக்கப்பட்டது. ஹஜ்ஜின் தவாஃபுக்குமுன் விமானம் புறப்பட்டுவிடுமே என்ற அச்சம்தான் பலரை மாத்திரைக்குத் துரத்துகிறது. அச்சம் நியாயமானதே. எனவே, பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பெண் மருத்துவரிடம் செல்லுங்கள். எத்தனை மணி நேரப் பயணம், எத்தனை நாள் தங்கல் என்பதையும் சொல்லுங்கள். கணவன்மார்களே, துணைக்குச் செல்வது உங்கள் வேலை.