சென்னிமலையும் சுற்றியுள்ள நீர்நிலைகளும்

சென்னிமலை ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. ஊருக்கும் அதை ஒட்டிய மலைக்கும் ஒரே பெயர்தான். முருகன் கோயில், கைத்தறிப் போர்வை ஆகிய இரண்டுக்காகவே இவ்வூர் வெளியில் அறியப்படுகிறது. ஆனால் ஒரு நாள் முழுவதும் வெளியில் நடந்து, ஏறி, பார்த்துக் கழிக்க விரும்புபவருக்கு மலையைச் சுற்றிச் சில மைல் தொலைவுக்குள் பறவைகள் தங்கும் ஓர் ஏரியும், தண்ணீர் தேக்க முடியாமல் போன ஓர் அணையும், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு தொழில் நகரின் எச்சமும் இருக்கின்றன. இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒரே பயணத்தில் பார்த்தால், கொங்கு நாட்டில் தண்ணீரின் கதை ஓரளவு விளங்கும்.

மலை ஏற்றம்

'சென்னி' என்றால் தலை. வடமொழியில் 'சிரகிரி' என்கின்றனர். ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நடந்த போட்டியில் மேருவின் சிகரம் ஒன்று முறிந்து இங்கு விழுந்தது என்பது தலபுராணம். மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 அடி. சுற்றிலும் உள்ள சமவெளியே ஆயிரம் அடிக்கு மேல் இருப்பதால், உண்மையில் ஏற வேண்டிய உயரம் அவ்வளவு அதிகம் இல்லை. அடிவாரத்திலிருந்து 1,320 படிகள். இடையிடையே இளைப்பாற மண்டபங்கள் உண்டு. சுமார் 4 கி.மீ. நீளமுள்ள தார்ச்சாலை வழியாக வாகனத்திலும் மேலே செல்லலாம். ஆயினும் மலையை அறிய விரும்புபவர் படியில் ஏறுவதே நல்லது. சாலையில் செல்பவருக்கு இருபுறமும் உள்ள முட்புதர்க் காடு ஒரு பச்சைக் கோடாக ஓடி மறைந்துவிடும். படியில் ஏறுபவர் அதற்குள் மயில் அகவுவதைக் கேட்கலாம், குரங்குகளிடம் பையைப் பறிகொடுக்காமல் காக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

மேலே உள்ள கோயிலில் முருகன் செவ்வாய்க் கிரகத்தின் இடத்தில் நடுவில் இருக்க, மற்ற எட்டுக் கிரகங்கள் சுற்றி அமைந்துள்ளன. எனவே செவ்வாய்க் கிழமைகளில் கூட்டம் மிகும். தேவராய சுவாமிகளின் கந்தர் சஷ்டி கவசம் இத்தலத்தில் அரங்கேறியது என்ற மரபும் வலுவாக வழங்குகிறது. மூலவருக்குப் பின்னால் இன்னும் சில படிகள் ஏறினால் வள்ளி, தெய்வானை சன்னதி வரும். அதற்கும் மேலே பிண்ணாக்குச் சித்தர் குகை உள்ளது. பெரும்பாலோர் மூலவரைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். ஆனால் நாற்புறமும் விரிந்த காட்சி சித்தர் குகைப் பக்கம்தான் கிடைக்கும்.

இம்மலையில் நீர் அரிது. அதனால் சுவாமியின் திருமஞ்சனத்துக்கு அடிவாரத்திலிருந்து பொதிகாளைகள் நாள்தோறும் படி வழியே தண்ணீர் சுமந்து வரும் வழக்கம் ஏற்பட்டது. 1984 பிப்ரவரி 12 அன்று இரட்டை மாட்டு வண்டி ஒன்று இந்த 1,320 படிகளிலும் ஏறி மேலே வந்தது. ஊரார் அதை இன்றும் ஓர் அதிசயமாகச் சொல்கின்றனர். வண்டி ஏறியதை வியப்பவர்கள், நாள்தோறும் தண்ணீர் சுமந்து ஏறும் காளைகளையும் கொஞ்சம் வியக்கலாம்.

தைப்பூசத் தேரோட்டமும் அதைத் தொடர்ந்து வரும் மகாதரிசனமும் பெருவிழாக்கள். அமைதியாக மலை ஏற விரும்புபவர் அந்நாட்களைத் தவிர்க்கலாம். மாசி முடிந்துவிட்டால் படிக்கற்கள் காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கும். செருப்பில்லாமல் ஏறுவது வழக்கம் என்பதால் விடியலில் தொடங்குவது நல்லது.

வெள்ளோடு ஏரி

சென்னிமலைக்கு வடக்கே, ஈரோடு செல்லும் வழியில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் உள்ளது. பெரியகுளம் ஏரி என்பது அதன் பழைய பெயர். பரப்பு சுமார் 77 ஹெக்டேர். 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தானது இந்த உடன்படிக்கை. வெள்ளோட்டைப் போன்ற ஒரு சிறிய பாசன ஏரி அதன் பட்டியலில் இடம்பெறுவதற்குக் காரணம், ஏரியின் அளவு அல்ல, அங்கு வந்து தங்கும் உயிர்களே.

கொங்குச் சமவெளி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிட, ஐப்பசி, கார்த்திகை மழையே இங்கு ஏரிகளுக்கு ஆதாரம். வெள்ளோட்டுக்கு இதோடு கீழ்பவானிக் கால்வாயின் நீரும் சேர்கிறது. பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கி.மீ. ஓடும் இந்தக் கால்வாய் பெரும்பாலும் மண்கரை உடையது. தண்ணீர் ஓடும் மாதங்களில் கரை வழியே கசிந்து கிணறுகளையும் குட்டைகளையும் நிரப்புகிறது. கால்வாய்க்குக் காங்கிரீட் தளம் அமைக்கும் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரு தரப்பாகப் பிரிந்தது இதனால்தான். கடைமடைக்காரருக்குக் கசிவு என்பது தங்களுக்கு வந்து சேராத நீர். கால்வாயை ஒட்டிய தோட்டக்காரருக்கோ அதுவே கிணற்று ஊற்று. பறவைகள் எந்தத் தரப்பிலும் இல்லை. ஆனால் முடிவு அவற்றையும் தொடும்.

கார்த்திகை முதல் மாசி வரை பறவைகளைப் பார்க்க ஏற்ற காலம். நீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடா, நீர்க்காகம், மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் ஆகியவை கூட்டமாக அமரும். திறந்த நீரில் புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான் திரியும். வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துகளும் இவற்றோடு சேரும். நீர் குறைந்த ஓரங்களில் நெட்டைக்கால் உள்ளான்கள் சேறு கிளறிக்கொண்டிருக்கும். பாம்புத்தாராவை அடையாளம் காண்பது எளிது. நீந்தும்போது உடல் மூழ்கி, நீண்ட கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே தெரியும். மேலேறியதும் சிறகை விரித்துக் காயவைக்கும். நீர்க்காகமும் இப்படிச் செய்வதால், முதல் முறை வருபவர் இரண்டையும் குழப்பிக்கொள்வர். கழுத்தின் நீளத்தையும் நேரான கூர் அலகையும் கவனித்தால் குழப்பம் தீரும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் வளைந்திருக்கும்.

காலையில் கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பளிச்சென்ற உடை, உரத்த பேச்சு, கைப்பேசிப் பாட்டு ஆகியவை வேண்டாம்.

இந்த ஏரிக்கு வேலியைவிடப் பெரிய காவல் அக்கம்பக்கத்து ஊர்கள். சரணாலயத்தைச் சுற்றியுள்ள சில ஊர்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அடைகாக்கும் பறவைகள் மிரண்டு கூட்டைக் கைவிடும் என்பதால் விளக்கேற்றியும் ஓசையில்லாத மத்தாப்புக் கொளுத்தியும் கொண்டாடுகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளில் பிள்ளைகளுக்கு வெடி வாங்கித் தராமல் இருப்பது எளிதன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்து வருகிறது.

ஒரத்துப்பாளையம் அணை

சென்னிமலைக்குத் தென்மேற்கே நொய்யலாறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு இது. 1992இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் இதன் குறுக்கே அணை திறக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. சாய, சலவை ஆலைகளின் கழிவு நொய்யலில் கலந்து அணையில் தேங்கியது. உப்பு ஏறிய நீர் பாய்ந்த நிலங்கள் கெட்டன, கிணறுகள் உவர்ந்தன. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே வழக்காடும் நிலை வந்தது. உலகில் அணை கேட்டு நடந்த போராட்டங்கள் பல. கட்டிய அணையைக் காலியாக வைக்கக் கேட்ட விவசாயிகள் அரிது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாமல் முழுவதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகே ஆலைகள் மீண்டும் இயங்கின.

இது படகு விடும் இடமோ குளிக்கும் இடமோ அன்று. கரையில் நின்று மதகுகளைப் பார்க்கலாம். திருப்பூர்ப் பனியன் அணிந்திருப்பவர் யாராயினும் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம்.

கொடுமணலும் அறச்சலூரும்

அணைக்குச் சற்று மேலே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் உள்ளது. சங்க இலக்கியம் 'கொடுமணம்' என்று குறிக்கும் ஊர் இது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகளில் அருமணிகளைப் பட்டை தீட்டிய பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகளும் கிடைத்தன. மணிகளுக்கான கல் சிவன்மலை, படியூர், வெங்கமேடு ஆகிய அண்டை ஊர்களிலிருந்து வந்தது. இரும்புத் தாது சென்னிமலையிலிருந்து வந்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. படியேறுபவர் காலடியில் இருப்பது பழைய சுரங்க மலையும்கூட.

இடத்துக்கு நேரில் செல்பவர் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. குழிகள் மூடப்பட்டுவிட்டன. ஈமக்காட்டின் கல்வட்டங்களே கண்ணுக்குத் தெரிபவை.

சென்னிமலைக்குக் கிழக்கே அறச்சலூர் நாகமலைக் குகையில் தமிழிக் கல்வெட்டு ஒன்றுள்ளது. தாளச் சொற்கட்டுகளைக் கட்டங்களாக அடுக்கிய அரிய இசைக் கல்வெட்டு அது. எழுத்துகளைத் தொகுத்தவன் தேவன் சாத்தன் என்னும் மணி வண்ணக்கன், அதாவது மணிகளைச் சோதித்து மதிப்பிடுபவன். கொடுமணலின் மணித்தொழிலோடு அவனைச் சேர்த்துப் பார்க்கத் தூண்டும் பெயர் இது.

ஊருக்குள்

பயணத்தின் கடைசி மணி நேரத்தை ஊருக்குள் கழிக்கலாம். 'கொடிகாத்த குமரன்' எனப்படும் திருப்பூர் குமரன் 1904 அக்டோபர் 4 அன்று பிறந்தது இவ்வூரில். கைத்தறிக் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களில் போர்வை, சமுக்காளம், துண்டு வாங்கலாம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர்களும் உண்டு என்பதால் சங்கக் கடைகளில் வாங்குவது பாதுகாப்பு.

ஈரோடு, பெருந்துறை, காங்கயம் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்துகள் உள்ளன. அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் ஈங்கூர். விடியலில் வெள்ளோட்டில் பறவைகளைப் பார்த்து, பிற்பகலில் கொடுமணல் போய், வெயில் தாழ்ந்தபின் மலை ஏறலாம். மலையை முதலில் ஏற விரும்பினால் ஏரியை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரை தேடிப் போன பறவைகள் அணி அணியாக மரங்களுக்குத் திரும்பும் நேரம் அது.