கழுத்து முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சையா? முன்கூட்டியே அறிய வேண்டியவை

கை மரத்துப்போகிறது, கொழுந்து பறிக்க விரல் வழங்கவில்லை, பொத்தான் பூட்ட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. கழுத்தின் 7 எலும்புகளினூடாக முண்ணாண் எனும் பெரிய நரம்புத்தண்டு செல்கிறது. எலும்புத் தேய்மானத்தாலோ விழுந்து அடிபட்டதாலோ அது நசுங்கினால் இவ்வாறு நேரலாம். சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். அதற்காக ஹட்டன், நுவரெலியா பகுதி மக்கள் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படுவதுண்டு.

“கழுத்தில் கத்தி வைத்தால் கைகால் விழுந்துவிடும்” என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி நேர்வது அரிது. ஆனால் பயந்து காலங்கடத்தினால், நெடுநாள் நசுங்கிய முண்ணாண் இழந்த பலத்தை முழுமையாக மீட்பது கடினம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதுமை, இருதய, சிறுநீரக நோய்கள், பல எலும்புகளில் ஒரேயடியாகச் செய்யும் நீண்ட சத்திரசிகிச்சை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இவற்றை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவையும் உண்டு.

1. புகைத்தல்: பீடி, சுருட்டு, சிகரெட் எதுவானாலும் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும், சளியும் கட்டும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும் நிக்கொட்டின் உண்டு. சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள்.

2. நீரிழிவு: சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும்.

3. இரத்தச்சோகையும் போஷாக்கின்மையும்: தோட்டப் பெண்களிடம் இவை அதிகம். பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை சேருங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு இரும்புச்சத்து வில்லை பெறுங்கள்.

4. மருந்துகள்: அஸ்பிரின் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும்; ஸ்டீரொயிட் காயம் ஆறுவதைத் தடுக்கும். நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இடம்பெயர்ந்தோர் கவனத்துக்கு

மண்சரிவிலோ வெள்ளத்திலோ கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் பழைய கிளினிக்கில் விபரம் கேட்டுப் புதிய கொப்பி எழுதிக்கொள்ளுங்கள். முகாமில் சீனி, பிரஷர் மருந்து விடுபட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியர் அறியவேண்டிய முக்கிய செய்தி அது.

வீடு திரும்பிய பின்

கழுத்தின் முன்புறமாகச் செய்திருந்தால், சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் இருக்கலாம்; பெரும்பாலும் குறைந்துவிடும். வைத்தியர் அனுமதிக்கும்வரை கூடை, விறகு, தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கவும் கூடாது.

கழுத்து வீங்கி மூச்சு முட்டுதல், கைகாலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் அடைத்தல், காய்ச்சலுடன் காயத்தில் சீழ் அல்லது தெளிந்த நீர் கசிதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு வாகனம் ஏறிவரப் பாதை இல்லையெனில், நோயாளியை மெயின் ரோட்டுக்கு யார் சுமப்பது, எதில் சுமப்பது என்பதை அயலவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.