கொட்டிலுக்குள் நாலு குட்டிகள்

நாங்கள் மீளக்குடியேறிய 2010இல், தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு பூனை நாலு குட்டி ஈன்றது. மட்டைப்பெட்டியில் பழைய சாரத்தை விரித்து மூலையில் வைத்தேன். கண் திறக்க ஏழு முதல் பத்து நாள் செல்லும். அதுவரை சூடுதான் முக்கியம்.

மகள் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் தாய் பயந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு விறகுக் குவியலுக்குள் இடம்பெயர்ந்துவிட்டது. எனக்கு அதை ஏச மனம் வரவில்லை. நாங்களும் அப்படி ஓடினவர்கள்தானே.

ஒரு குட்டி மட்டும் பின்தங்கிக் குளிர்ந்து கிடந்தது. அந்த நிலையில் பால் பருக்கினால் செமிக்காது. பசுப்பால் என்றால் வயிற்றோட்டமும் வரும். துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துச் சூடாக்கி, தாயருகே விட்டேன். நக்கிச் சேர்த்துக்கொண்டது.

பாலூட்டும் பூனைக்குப் பசி கூட. மீன்தலையும் சோறும் இரட்டிப்பாக வைத்தேன். நாலாம் கிழமை, குட்டிகளும் அந்தக் கோப்பையை நக்கத் தொடங்கின. நாலும்தான்.