நள்ளிரவில் கண்ணில் விழும் மணல்

டிங்கரிங் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அப்படியொரு ராத்திரி அநேகமாக வந்தே தீரும். பகலில் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அண்ணன் வெல்டு வைக்கும்போது தகட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பான். நாலைந்து தடவை வெறுங்கண்ணால் எட்டிப் பார்த்திருப்பான். சாப்பிட்டுப் படுத்த பிறகு இமைக்குள் யாரோ ஒரு பிடி மணலைத் தூவிவிட்டதுபோல் கண் அறுக்க ஆரம்பிக்கும். தண்ணீர் கொட்டும். திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

வெல்டிங் பொறியிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது என்பதே இதன் பொருள். சுட்டது காலையில், வலிப்பது ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால் என்று சொல்லப்படும் கைவைத்தியத்தால் கிருமித் தொற்று வேண்டுமானால் சேரும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விட்டுக்கொள்வது அதைவிட மோசம். வலி தெரியாது, ஆனால் கருவிழி ஆறாது.

சுத்தியல் விரலில் பட்டால் அந்த நொடியே தெரியும். வெல்டிங் அப்படியில்லை. அதன் கெடுதல்களில் பல, வேலை முடிந்து கையைக் கழுவிய பிறகே வந்து சேர்கின்றன.

நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறவர்கள் கையாளும் இரும்பு ஒரு ரகம். மோதி நசுங்கிய காரின் கதவும் தரையும் வேறு ரகம். காரின் வெளித்தகடு பல இடங்களில் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர்தான். வெல்டிங் பொறியின் வெப்பமோ சுமார் 6,000 டிகிரி செல்சியஸ். இரும்பு 1,500 டிகிரியிலேயே உருகிவிடும். கை ஒரு விநாடி தங்கினால் ஓட்டை. ஓட்டை விழாமல் ஒரே கோடாக இழுத்துவிட்டாலும் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர் கோடு இழுப்பதே இல்லை. இங்கே ஒரு டேக், ஒரு சாண் தள்ளி இன்னொன்று, சூடு ஆறியதும் நடுவில் ஒன்று என்று புள்ளி புள்ளியாக நிரப்பிக்கொண்டு வருவார்.

இந்த மெல்லிய தகட்டுக்காகத்தான் ராடு வெல்டிங்கும் கேஸ் வெல்டிங்கும் பின்தங்கி, பட்டறைகளில் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்லப்படும் இயந்திரம் முன்னுக்கு வந்தது. துப்பாக்கியின் விசையை அழுத்தினால் மெல்லிய கம்பி தானாக நீண்டு வந்து உருகும். அதைச் சுற்றிக் கரியமில வாயு குடைபோல் கவிந்து, உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கும். அந்தக் குடையை ஒரு மின்விசிறி கலைத்துவிடும். கலைந்தால் வெல்டுக்குள் கொப்புளம் கொப்புளமாகத் துளை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்யச் சொன்னால் எந்த மேஸ்திரியும் முறைப்பார். ஆனால் அவருக்கு வேண்டியது புகையை மட்டும் பக்கவாட்டில் உறிஞ்சும் ஏற்பாடு; அது இருக்கிற பட்டறைகள் குறைவு.

புகையில் முதலில் கவனிக்க வேண்டியது துத்தநாகம். துருப்பிடிக்காமல் இருக்கக் காரின் தகடுகளுக்குத் துத்தநாகம் பூசுகிறார்கள். அது 907 டிகிரியில் கொதித்துவிடும்; அதாவது இரும்பு உருகத் தொடங்கும் முன்பே ஆவியாகி, காற்று பட்டு, வெள்ளைப் பஞ்சுபோல் பறக்கும். அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்புவலி, நாக்கில் இரும்பு ருசி. மறுநாள் சரியாகிவிடும் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அந்தப் பழக்கம் மறந்துபோகும். திங்களன்று மறுபடி காய்ச்சல். மேல்நாட்டில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொல்வதுண்டு. பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. பால் இரைப்பைக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுப்பதும், அதற்கேற்ற சுவாசக் கவசமும்தான் வழி. சாதாரண வெல்டிங் புகையையே, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது.

பிரேக் கழுவும் ஸ்பிரேயால் தகட்டைத் துடைத்துவிட்டு உடனே வெல்டு வைப்பது இன்னொரு வினை. அதில் குளோரின் கலந்த கரைப்பான் இருந்தால், சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் அது ஃபாஸ்ஜீனாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசிய அதே வாயு. இதுவும் நுரையீரலைச் சில மணி நேரம் கழித்துத்தான் தாக்கும்.

ஆனால் எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் அவர் பயப்படுவது நெருப்புக்குத்தான். தகட்டுக்கு இந்தப் பக்கம் அவர் கண் இருக்கிறது. அந்தப் பக்கம் ரெக்சின், பஞ்சு, வயர், துருவைத் தடுக்கப் பூசிய மெழுகு. பொறி ஒன்று பஞ்சுக்குள் புகுந்து புகையாமலே கனன்றுகொண்டிருக்கும். டீக்கடைக்குப் போய்த் திரும்பும்போது வண்டி எரியும். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்பு விதி ஒன்று சொல்லிவந்தது. 2019இல் அதை ஒரு மணி நேரமாக நீட்டினார்கள்.

டாங்க் விஷயத்தில் காலி என்ற சொல்லை நம்பக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் வெடிக்கும். நிரம்பிய டாங்கில் ஆவி இதைவிடச் செறிவாக இருக்கும். வடித்துக் காலியாக்கிய டாங்கில்தான் ஆவியும் காற்றும் இந்த அளவுக்குக் கலந்து நிற்க வாய்ப்பு அதிகம். டீசல் டாங்க்தானே என்ற அலட்சியமும் ஆகாது. அடியில் ஒட்டியிருக்கும் மிச்ச டீசலை வெல்டிங் சூடே ஆவியாக்கிவிடும். லாரிச் சக்கரத்தின் ரிம்மை டயரோடு வைத்து வெல்டு செய்வது இன்னும் வஞ்சகமானது. உள்ளே ரப்பர் சூடேறி எரிவாயுவைக் கக்கும். காற்றை இறக்கியிருந்தாலும் வெடிக்கும். டயரைக் கழற்றிய பிறகே ரிம்மில் கை வைக்க வேண்டும்.

எர்த் கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதும் சின்ன விஷயமில்லை. வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்ட வேண்டும். வண்டியின் மறுகோடியில் மாட்டினால் மின்சாரம் சக்கரத்தின் பேரிங் வழியாகவோ கம்ப்யூட்டர் வயர் வழியாகவோ பாதை தேடிக்கொள்ளும். வண்டி ஓடிப் பேரிங் இரையத் தொடங்கும்போது பட்டறை யாருக்கும் ஞாபகம் வராது. பேட்டரியைக் கழற்றிய உடனேயும் வேலையைத் தொடங்கக் கூடாது. ஏர்பேக்கின் மின்சுற்றில் சேமித்த மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் ஆகும்.

கடைசியாக, இரும்பே மாறிவிட்டது. 1984இல் வந்த சாப் 9000 காரின் கதவுகளுக்குள், 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி அச்சில் அழுத்தியபடியே குளிரவைத்த போரான் உருக்கைப் பயன்படுத்தினார்கள். இன்று பல கார்களில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள தூண் இந்த உருக்குதான். சாதாரணத் தகட்டைவிட அது நாலைந்து மடங்கு பலமானது. அந்தப் பலம் சூட்டைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வாங்கியது. மறுபடி சூடாக்கினால் போய்விடும். வளைந்த தூணைக் கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தட்டி நிமிர்த்தினால், பார்வைக்குப் பழைய தூண், உள்ளே வெறும் இரும்பு. எங்கே வெட்டலாம், எங்கே தொடவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதியிருப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் டெக்சாஸில், 2010ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா ஃபிட் ஒன்றின் கூரை ஆலங்கட்டி மழையில் நசுங்கியது. புதுக் கூரை போட்ட பட்டறை, கையேடு சொன்னபடி வெல்டு வைக்காமல் பசை போட்டு ஒட்டியது. 2013இல் அந்தக் கார் ஒரு பெரும் விபத்தில் சிக்கியது. உள்ளே இருந்த கணவனும் மனைவியும் படுகாயமடைந்தார்கள். வழக்கில் டல்லாஸ் ஜூரி 2017இல் பட்டறையின் பங்காக நிர்ணயித்த இழப்பீடு 3 கோடியே 15 லட்சம் டாலர். அந்தத் தம்பதி காரைப் பழைய காராக வாங்கியவர்கள். கூரை மாற்றப்பட்டிருந்ததே வாங்கும்போது அவர்களுக்குத் தெரியாது.