நாயின் அடுப்படியில் அம்மி இல்லை

நாயின் வயிற்றை ஒரு சமையற்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் அரிவாள்மணை உண்டு, அம்மி கிடையாது. 42 பற்கள் இருந்தும் தாடை மேலும் கீழும்தான் போய்வரும். பக்கவாட்டில் நகர்ந்து அரைக்காது. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நம் எச்சிலில் உண்டு, நாயின் எச்சிலில் அநேகமாக இல்லை. ‘மெல்லாமலே முழுங்குதே’ என்று கவலைப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம். மெல்லும் வேலை அதற்கு ஒதுக்கப்படவே இல்லை.

அடுத்தது இரைப்பை. நன்றாக விரிந்துகொடுக்கும் அண்டா. கடுமையான அமிலத்தில் கறியின் புரதம் இங்கே இளகத் தொடங்கும். உண்மையான சமையல் நடப்பது சிறுகுடலில். கணையம் நொதிகளை ஊற்ற, ஈரலின் பித்தநீர் கொழுப்பைக் கரைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கொழுப்பையெல்லாம் ஒரே வேளையில் கொட்டினால் சில நாய்களுக்குக் கணையமே வீங்கி, வாந்தியும் வலியுமாக மருத்துவமனை வரை கொண்டுபோகும்.

சோறு நாய்க்கு ஆகாது என்று இப்போது பலரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் தொட்டது: கணைய அமிலேஸுக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான், நாய்களிடமோ 4 முதல் 30 வரை. மனிதனின் மிச்சத்தைத் தின்று வளர்ந்த பரம்பரை, தன் அடுப்படியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டுவிட்டது. ஒரே நிபந்தனை, சோறு குழைய வெந்திருக்க வேண்டும். அம்மி இல்லாத வீட்டுக்கு அரைகுறை வேக்காட்டை அனுப்பக் கூடாது. தயிர்சாதமும் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். பாலின் லாக்டோஸில் ஒரு பங்கை உறையும்போதே நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. வளர்ந்த நாய்க்குப் பால் வயிற்றைக் கலக்குவது அந்த லாக்டோஸால்தான்.

ஆக, சிக்கல் சோற்றில் இல்லை, சரக்கு அலமாரியில். இந்த அலமாரியில் சில டப்பாக்களை நாய் தானே நிரப்பிக்கொள்ளும்: வைட்டமின் சி-யை அதன் ஈரலே செய்துவிடும், எலுமிச்சைக்கு அவசியமில்லை. வைட்டமின் டி அப்படியல்ல. வெயிலில் எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தாலும் போதிய அளவு உருவாகாது. உணவில்தான் வர வேண்டும்.

காலியாகவே கிடக்கும் டப்பா கால்சியம். எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் மஞ்சளும் போட்டு வேகவைப்பதுதான் நம் வீடுகளில் ‘நல்ல சாப்பாடு’. அந்தக் கறியில் 100 கிராமுக்கு பாஸ்பரஸ் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும், கால்சியம் 15-ஐத் தாண்டுவது அரிது. உடம்புக்குத் தேவையோ பாஸ்பரஸுக்குச் சமமாக அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியம். வெளியிலிருந்து வராததால் இரத்தம் அதை எலும்பிலிருந்து கடன் வாங்கும். மாதக்கணக்கில் வெறும் கறிச்சோறு தின்னும் குட்டி கால் வளைந்து நிற்பது இதனால்தான். சரி, எலும்பையே போட்டுவிடலாமா? வெந்த எலும்பு சில்லு சில்லாகப் பிளந்து குடலைக் குத்தும். முட்டையோட்டைக் காயவைத்து நைஸாகப் பொடித்தால் 1 கிராமில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். எவ்வளவு சேர்ப்பது என்பதை மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் குட்டித் தீவனத்தோடு கால்சிய டானிக்கும் கொடுப்பது நேரெதிர்த் தவறு. ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு மிஞ்சியதை மறுக்கத் தெரியாது. எலும்பு வளர்ச்சியே கோணலாகும்.

இனி வடிகால். உள்ளே வந்த வேண்டாததை வெளியேற்றுவதில் நாயின் அடுப்படி நம்முடையதைவிட மந்தம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாம் சீக்கிரம் கழித்துவிடுகிறோம். நாயின் இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் சாய்க்கும், ஆகவே பாயசத்தின் அடிமண்டி வேண்டாம். நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது சாம்பார். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன, வேகவைத்தாலும் அவை போவதில்லை. 10 கிலோ நாய்க்கு ஒரே வேளையில் 50 கிராம் வெங்காயம் போனாலே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் சேர்ந்தாலும் கெடுதல்தான். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கறுப்பதும் சில நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால் யாரும் சாம்பாரைச் சந்தேகிப்பதில்லை.

அளவு? கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 630 கலோரி. தின்பண்டங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. தாத்தா காலையில் ஒன்று, பேரன் மாலையில் ஒன்று, கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக ஆயுள் முழுக்க உணவிட்டுப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான முடிவின்படி குறைவாகத் தின்றவற்றின் நடுமட்ட ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. தராசு இல்லாவிட்டால் விலாவைத் தடவிப் பாருங்கள்: அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக் காலையே தட்டை மாற்றிவிடாதீர்கள். குடலின் நுண்ணுயிர்களுக்குப் புதுச் சரக்கு பழகச் சில நாள் வேண்டும். பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஒரு வாரத்தில் முழுதாக மாறுங்கள். நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்பி, இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள்.